18,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) வேக்போர்டு இழுக்க ஒரு படகு: வாங்கலாமா, கட்டலாமா?

பட்டறைக்காரன் | வெள்ளி, இரவு 10:40

வணக்கம். ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. பழைய ஆட்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் புரியும். தோட்டப் பட்டறையில் டிராக்டர், லாரி பழுது பார்ப்பது என் வேலை. படகைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரு பக்கம் செம்பனை, மறு பக்கம் ஈயக்குட்டை, அதாவது வெள்ளீயம் தோண்டிய பழைய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர். என் அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரும் எங்கிருந்தோ ஒரு பழைய வேக்போர்டும் (இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிக்கொண்டு படகின் பின்னால் சறுக்குவது) ஒரு ஜோடி தண்ணீர்ச் சறுக்குப் பலகையும் வாங்கி வந்துவிட்டார்கள். பலகை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, இழுக்கத்தான் ஒன்றும் இல்லை. மாமா ஏதாவது செய்வார் என்று தினமும் பட்டறை வாசலில் வந்து நிற்கிறார்கள்.

போன ஞாயிறு பாசிர் பெனாம்பாங்கிலிருந்து மச்சானின் பைபர் சம்பானை, அதாவது சின்னப் படகை, 15 குதிரைத்திறன் மோட்டாரோடு லாரியில் ஏற்றி வந்தோம். கயிற்றைப் பின்பலகையில் இருந்த வளையத்தில் கட்டினேன். முறுக்கியதும் படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் எருமை மாதிரி தண்ணீரில் உட்கார்ந்துகொண்டது. பையன் எழவே இல்லை, குட்டைத் தண்ணீரைக் குடித்ததுதான் மிச்சம். நாலு பேர் தோற்ற பிறகு, இருப்பதிலேயே ஒல்லியான பையன் எப்படியோ எழுந்தான். எழுந்தவன் இடது பக்கம் சாய்ந்தான். உடனே படகு வலது பக்கம் திரும்பியது. நான் எவ்வளவு திருப்பியும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டு கோரைப் புதருக்குள் போய் நின்றோம்.

கையில் 18,000 வெள்ளி இருக்கிறது. பையன்கள் சேர்த்தது பாதி, நான் போடுவது பாதி. ரவாங் பக்கம் 17 அடி பைபர் படகு ஒன்று விலைக்கு வருகிறது, கடலுக்குப் போகிற மாதிரி அடிப்பகுதி கூர்மையாக இருக்கும். அதை வாங்கி 60 குதிரை போடட்டுமா, 90 போடட்டுமா? இதுதான் என் கேள்வி.

செம்பனைக்குலை | வெள்ளி, இரவு 10:52

அண்ணே, கோரைப் புதர் வீடியோ இருக்கா?

கோந்துக்கை | வெள்ளி, இரவு 11:30

அந்த 17 அடியை வாங்காதீர்கள். கோல சிலாங்கூர் பக்கம் பைபர் படகுப் பட்டறைகளில் இருபது வருடம் ரெசின் பூசியவன் சொல்கிறேன்.

முதலில் சம்பான் ஏன் தோற்றது என்று பார்ப்போம். சம்பானின் அடிப்பகுதி வாழைப்பழம் மாதிரி முன்னும் பின்னும் மேலே வளைந்திருக்கும். மெதுவாகப் போவதற்கு அருமையான உருவம். ஆனால் வேகமாகத் தள்ளினால் அந்தப் பின்வளைவே தண்ணீரை உறிஞ்சிப் படகைக் கீழே இழுக்கும். தண்ணீர் மேல் ஏறி ஓட வேண்டிய படகுக்கு அடிப்பகுதியின் கடைசி இரண்டு மீட்டர் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்க வேண்டும். அங்கே வளைவும் கூடாது, குழியும் கூடாது.

அடுத்து கடல் படகு. பின்பக்கத்திலேயே அடிப்பகுதி V எழுத்து மாதிரி 20 டிகிரிக்கு மேல் சரிந்திருக்கும். அலையைக் கிழித்துக்கொண்டு போக அது தேவை. உங்கள் குட்டையில் அலை எங்கே இருக்கிறது? கூர்மை கூடக் கூட, படகைத் தூக்கி நிறுத்த அதிக சக்தி தேவைப்படும், பெட்ரோலும் குடிக்கும். குட்டைக்குப் பின்பக்கம் 8 முதல் 10 டிகிரி போதும். சுத்தமாகத் தட்டையாக வைத்தால் திருப்பத்தில் பக்கவாட்டில் வழுக்கும், அதையும் செய்யாதீர்கள்.

இன்னொன்று. பழைய படகு வாங்கப் போனால் பெயிண்டைப் பார்க்காதீர்கள். சுத்தியல் கட்டையால் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று கேட்டால் சரி. மொத் மொத் என்று கேட்டால் உள்ளே பலகை அழுகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் மோட்டாரின் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பின்பலகை சேர்ந்து அசைந்தால் தே ஓ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கணக்கு வாத்தியார் | சனி, காலை 7:05

ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். காலையில் வேறு வேலை இல்லை.

தம்பி, 60ஆ 90ஆ என்று கேட்கிறீர்கள். கடையில் துணி எடுக்குமுன் உடம்பை அளக்க வேண்டாமா? பலகையில் நிற்பவன் கயிற்றை எத்தனை கிலோ இழுக்கிறான் என்று யாராவது அளந்தீர்களா? தோட்டத்தில் குலை நிறுக்கும் தொங்கு தராசு இருக்கும், வட்ட முகப்பு வைத்தது. அதைக் கயிற்றுக்கும் படகுக்கும் நடுவில் மாட்டுங்கள். ஒருவன் முள்ளைப் பார்த்துக்கொண்டே வரட்டும். அதே சம்பான், அதே ஒல்லிப் பையன் போதும். எண்ணைக் கொண்டு வாருங்கள், பிறகு மோட்டாரைப் பேசுவோம்.

ஒரு செய்தி. 1922இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பெப்பின் ஏரியில், 18 வயது ரால்ஃப் சாமுவேல்சன்தான் முதலில் தண்ணீரில் சறுக்கியவர். பீப்பாய்ப் பலகை, பனிச்சறுக்குப் பலகை எல்லாம் கட்டிப் பார்த்துத் தோற்று, கடைசியில் 8 அடிப் பலகைகள் வாங்கி, நுனியை அம்மாவின் செம்புப் பாத்திரத்தில் வேகவைத்து வளைத்தார். படகை ஓட்டியது அவர் அண்ணன். அதனால் மாமா ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை.

வின்ச்சுப்பிரியன் | சனி, காலை 9:20

எல்லாரும் கோபிக்காதீர்கள். எதற்குப் படகு? 13 குதிரைப் பெட்ரோல் இயந்திரம் ஒன்று, ஒரு உருளை, 300 மீட்டர் கயிறு. கரையில் உட்கார்ந்தபடியே ஆளைச் சுருட்டி இழுக்கலாம். வெளிநாட்டில் பையன்கள் வாய்க்காலில்கூட இப்படி விளையாடுகிறார்கள். ஜெர்மனியில் புரூனோ ரிக்ஸன் என்ற பொறியாளர் கம்பத்தில் கேபிள் ஓட்டி ஆட்களை இழுக்கும் முறையைக் கொண்டு வந்து அறுபது வருடமாகிறது. படகு இல்லை, பின்பலகை அழுகாது, லாரி வாடகையும் கிடையாது.

நனைந்தகோழி | சனி, காலை 11:48

//எதற்குப் படகு?//

வின்ச்சில் 300 மீட்டர் போனதும் ஆட்டம் முடிந்தது. கயிற்றை யாராவது திரும்ப அந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அதோடு, வேக்போர்டு என்ற பெயரே படகின் பின்னலையால் வந்தது. அலை இல்லாமல் எங்கே ஏறிக் குதிப்பது? ஆனால் பணமே இல்லாத ஊருக்கு வின்ச்சு நல்ல யோசனைதான், கேலி செய்யவில்லை.

பட்டறைக்கார அண்ணனுக்கு: நான் சில வருடம் புத்ராஜெயாவில் பயிற்சி எடுத்தவள். 2017 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் தண்ணீர்ச் சறுக்கு அங்கேதான் நடந்தது. அந்த இழுவைப் படகுகளைக் கிட்டப் போய்ப் பார்த்தால் உங்கள் கோரைப் புதர் மர்மம் விளங்கிவிடும். கயிறு பின்பலகையில் இருக்காது. படகின் நடுவில், இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் ஒரு தூணில் கட்டியிருக்கும். இயந்திரமும் நடுவில்தான், 5 லிட்டருக்கு மேற்பட்ட வி8. சுக்கான் பின்னால், இழுவை நடுவில். ஆள் பக்கத்தில் பாய்ந்து இழுத்தாலும் படகின் வால் திரும்பாது. உங்கள் சம்பானில் கயிறும் வாலில், திருப்பும் மோட்டாரும் வாலில். ஒரே இடத்தில் இரண்டு பேர் மல்லுக்கட்டினால் கனமானவன்தான் ஜெயிப்பான்.

ஆனால் ஒரு கேள்விக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டும்: சறுக்கா, வேக்போர்டா? இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும், கேட்பது நேரெதிர். மிதவைகளைச் சுற்றி வளைந்து ஓடும் சிலாலம் போட்டியில் ஆண்களுக்கு உச்ச வேகம் 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. அங்கே பின்னலை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. வேக்போர்டுக்கு 30 முதல் 37 போதும், ஆனால் அலை வரப்பு மாதிரி நிற்க வேண்டும். சின்ன அலைக்கு லேசான படகு, பெரிய அலைக்குக் கனமான படகு.

பட்டறைக்காரன் | ஞாயிறு, இரவு 9:15

வாத்தியார் ஐயா, அளந்துவிட்டேன்.

ஸ்டோர் கிராணியிடம் கெஞ்சித் தராசை ஒரு நாளைக்கு வாங்கினேன். எங்கே கொண்டு போகிறாய் என்று கேட்டார். மனுஷனை நிறுக்க என்றேன், அதற்கு மேல் கேட்கவில்லை. அக்கா மகன் படகில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் பக்கப் பலகையில் உதைத்துக்கொண்டு, முள்ளையே பார்த்துக் கத்திக்கொண்டு வந்தான். எழும் நேரத்தில் முள் சட்டென்று 50ஐத் தாண்டியது. எழுந்து நின்ற பிறகு 20க்கும் 25க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருந்தது. பையன் பக்கவாட்டில் பாய்ந்தபோது 60க்குப் போய் வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. சும்மா நிற்கும்போது இழுப்பு ஒரு நல்ல குலையின் எடைதான்!

கணக்கு வாத்தியார் | திங்கள், காலை 6:50

சபாஷ். இப்போது பாருங்கள். 25 கிலோ இழுப்பு என்றால் 245 நியூட்டன். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 8.3 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 2,000 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆக, பின்னால் வருகிறவனுக்கு மூன்று குதிரைகூட வேண்டாம். புரொப்பெல்லரில் பாதி வீணாகிறது என்று வைத்தாலும் ஆறு போதும்.

அப்படியானால் நாற்பது, அறுபது, தொண்ணூறு எல்லாம் எதற்கு? படகை இழுக்க! படகு தன்னைத்தானே சுமக்கத்தான் அத்தனை குதிரையும். மோட்டார் கடைக்காரன் இதை உங்களிடம் சொல்ல மாட்டான்.

படகு கட்டுபவர்கள் பயன்படுத்தும் ஒரு பழைய கணக்கு உண்டு, கிரவுச் சூத்திரம் என்பார்கள். மொத்த எடையைப் பவுண்டில் எடுத்து குதிரைத்திறனால் வகுக்க வேண்டும். வந்ததற்கு வர்க்கமூலம் கண்டு, அதனால் 150ஐ வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். 150 என்பது சாதாரண ஓட்டப் படகுக்கு. ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள படகில் 60 குதிரை போட்டால் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். 700 கிலோ படகில் 40 குதிரை போட்டால் 39. அதாவது 300 கிலோவைக் குறைத்தால் 20 குதிரையை வாங்க வேண்டியதில்லை. அதே 40ஐ 1,000 கிலோவில் மாட்டினால் 32தான் கிடைக்கும், ஆளை இழுக்கும்போது அதுவும் குறையும்.

58 வேண்டுமென்றால் 600 கிலோ படகுக்கே 75க்கு மேல் வேண்டும். அந்த மோட்டாரே கனம், அதைத் தாங்க படகும் கனம். அனுமார் வால்.

கோந்துக்கை | திங்கள், மதியம் 1:10

வாத்தியார் சொன்னதைத்தான் நான் இருபது வருடமாக முதலாளிகளிடம் கத்தினேன். தடிமன் கூடினால் பலம் என்று நினைத்து நாலு அடுக்கு பைபர் விரிப்புக்கு ஆறு அடுக்குப் போடச் சொல்வார்கள்.

அண்ணே, நீங்களே கட்டுங்கள். வெல்டிங் தெரிந்தவருக்கு இது கடினமில்லை. மெரீன் பிளைவுட் தகடுகளை வெட்டி, ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் எப்பாக்சியும் பைபர் நாடாவும் ஒட்டும் முறை. 1962இல் இங்கிலாந்தில் மிரர் என்ற சின்னப் பாய்மரப் படகு இப்படித் தைத்துத்தான் வீட்டுக் கொட்டகைகளில் கட்டப்பட்டு உலகமெல்லாம் பரவியது.

நீளம் 4.8 மீட்டர் வையுங்கள். காரணம் உண்டு. பிளைவுட் 8 அடி, அதாவது 2.44 மீட்டர். இரண்டை நீளவாட்டில் ஒட்டினால் 4.88. ஒட்டும் இடத்தில் இரண்டையும் சரிவாகச் சீவ வேண்டும். தடிமனைப் போல எட்டு மடங்கு சரிவு, 9 மில்லி பலகைக்கு 72 மில்லி. அது போனால் சரியாக 4.8. ஐந்து மீட்டர் என்று ஆசைப்பட்டால் மூன்றாவது பலகையை வெட்டி மீதியைக் கோழிக்கூண்டுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அகலம் 1.9. அடிப்பகுதி 9 மில்லி, வெளியே பைபர் துணி. பக்கங்கள் 6 மில்லி. மெராந்திப் பலகை சதுர மீட்டருக்கு 5 கிலோ சொச்சம் வரும். மொத்தம் 14 பலகை என்று வையுங்கள், ரெசின் எல்லாம் சேர்த்து 300 கிலோவுக்குள் வெற்றுப் படகு நிற்கும். மோட்டார், எண்ணெய், இரண்டு ஆள் ஏறினால் 600.

பின்பலகை மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 18 மில்லி இரண்டு தகடு ஒட்டியது. உயரத்தை மோட்டாரை வாங்கிய பிறகு வெட்டுங்கள். குட்டைக்கால் மோட்டாருக்கு 15 அங்குலம், நெட்டைக்காலுக்கு 20. மோட்டார் காலில் புரொப்பெல்லருக்கு மேலே ஒரு தட்டை இறக்கை இருக்குமே, அது படகின் அடிமட்டத்தோடு கிட்டத்தட்ட நேராக வர வேண்டும். மேலே போனால் காற்றை உறிஞ்சிச் சுற்றும், கீழே போனால் தண்ணீரை வாரி இறைக்கும்.

நனைந்தகோழி | திங்கள், இரவு 8:30

மோட்டார் யமஹா எண்டுரோ 40 கிடைக்குமா பாருங்கள், மீனவர்களிடம் கைமாறிக்கொண்டே இருக்கும். உதிரிபாகம் எந்த மீன்பிடி ஊரிலும் கிடைக்கும்.

அப்புறம், வேக்போர்டு கோபுரம் வைக்கிறீர்களா? இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்து இழுத்தால் குதிக்கும்போது பையன்களை நன்றாக மேலே தூக்கிவிடும்.

கோந்துக்கை | திங்கள், இரவு 8:41

தங்கச்சி, 600 கிலோ படகில் இரண்டு மீட்டர் கோபுரமா? ஆளைக் கவிழ்க்கவா?

நனைந்தகோழி | திங்கள், இரவு 8:50

எல்லாப் படகிலும் இருக்கிறதே அண்ணே.

கணக்கு வாத்தியார் | செவ்வாய், காலை 6:30

இருவரும் சண்டை போட வேண்டாம். பெரிய படகு ஒன்றரை, இரண்டு டன். அது தாங்கும். இங்கே தராசு 60 காட்டியது ஒல்லிப் பையனுக்கு. 80 கிலோ ஆள் பக்கத்தில் பாய்ந்தால் 100 தாண்டும் என்று வைப்போம். இரண்டு மீட்டர் உயரத்தில் 100 கிலோ பக்கவாட்டு இழுப்பு, கவிழ்க்கும் திருப்புவிசை 200. படகைத் திரும்ப நிமிர்த்துவது அதன் எடையும் அகலமும்தான். 600 கிலோவை 40 சென்டிமீட்டர் (0.4 மீட்டர்) நெம்புகோல் கையால் பெருக்கினால் 240. பின்னால் வருகிறவனைக் கவனிக்கப் படகில் உட்காரும் பார்வையாளர் அந்தப் பக்கமே சாய்ந்து எட்டிப் பார்த்தால் போயிற்று.

ஆனால் தூணை மிகத் தாழ்த்தவும் முடியாது. பின்னலையைப் பார்க்காதீர்கள், மோட்டாரின் தலையைப் பாருங்கள். தூண் மோட்டாருக்கு முன்னால் நிற்கிறது, கயிறு மோட்டாரைத் தாண்டித்தான் பின்னால் போக வேண்டும். அந்தத் தலை அடிமட்டத்திலிருந்து எத்தனை உயரம்?

பட்டறைக்காரன் | செவ்வாய், இரவு 10:05

1.2 மீட்டர் ஐயா. இன்று செகிஞ்சானில் ஒரு எண்டுரோ 40ஐப் போய்ப் பார்த்தேன், டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் விலையே கேட்டேன். வாங்கியாயிற்று. பணத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

தூண் 1.4 மீட்டரில் நிற்கட்டும். பின்பலகையிலிருந்து 1.6 மீட்டர் முன்னால், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 2 அங்குல ஸ்டெயின்லெஸ் குழாய், முன்பக்கம் சரிவாக இரண்டு முட்டுக்கால், மூன்றும் அடிச் சட்டத்தில் போல்ட். பலகையில் மட்டும் திருகினால் பிய்த்துக்கொண்டு வரும் என்பது பட்டறைக்காரனுக்குத் தெரியும். கயிறு தளரும்போது மோட்டாரில் மாட்டாமல் இருக்க, மோட்டாரின் மேல் அரைவட்டமாக ஒரு குழாயை வளைத்துவிடுகிறேன். டிராக்டர் கூரைக்கு வளைப்பதுதானே.

அலைக்கு என்ன செய்வது? தோட்டத்தில் காலி மருந்துத் தோங் (கேன்) நிறைய கிடக்கிறது. தண்ணீர் நிரப்பி வைக்கலாமா?

நனைந்தகோழி | செவ்வாய், இரவு 10:20

அலாமா, வேண்டாம்! களைக்கொல்லி இருந்த தோங்கைத் தொடவே தொடாதீர்கள். பாரகுவாட்டை 2020இல் நாட்டில் தடை செய்த பிறகும் பழைய தோங்குகள் அங்கங்கே கிடக்கின்றன. ஈரக் காலோடு பையன்கள் உட்காரும் இடம் அது.

சமையல் எண்ணெய் வந்த 17 கிலோ தோங் போதும், சாப்பாட்டுக் கடையில் கேளுங்கள். முழுக்க நிரப்புங்கள். பாதி நிரப்பினால் திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கம் ஓடும், படகும் கூடவே சாயும். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் சமமாகக் கட்டி வையுங்கள், மூக்கில் வைக்காதீர்கள். 40 குதிரைக்கு 100 கிலோவுக்கு மேல் போக வேண்டாம், அதுவும் பையன் எழக் கற்றுக்கொண்ட பிறகு. சறுக்குப் பலகை நாளில் எல்லாத் தோங்கும் கரையில்.

கயிறு: நைலான் வேண்டவே வேண்டாம். ரப்பர் மாதிரி நீளும், அறுந்தால் திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு, 18.25 மீட்டர். சறுக்குக் கயிற்றின் முழு நீளம் அதுதான்.

கடைசியாக ஒன்று. படகுக்குக் கிட்டவே நின்று அலையில் மிதந்து வரும் வேக்சர்ஃப் வீடியோக்களைப் பையன்கள் பார்த்திருப்பார்கள். வெளியில் தொங்கும் மோட்டாருக்குப் பின்னால் அதை ஒருபோதும் செய்யக்கூடாது. விழுந்தால் நேராகப் புரொப்பெல்லரில். அந்தப் படகுகளில் புரொப்பெல்லர் அடியில், உள்ளே தள்ளி இருக்கும்.

ஈயக்கப்பல் | புதன், மாலை 5:40

நாலு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படகைப் பற்றி எல்லாம் பேசிவிட்டீர்கள், குட்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

என் அப்பா பெர்ஜுந்தை டின் டிரெட்ஜிங் ஈயக்கப்பலில் வேலை செய்தவர். 1985இல் ஈய விலை விழுந்த பிறகு கப்பல்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தக் கப்பல் மண்ணை அள்ளி அள்ளி முன்னே போகும், பின்னால் மணலைக் கொட்டிக்கொண்டே போகும். அதனால் அடியில் ஒரு சீர் கிடையாது. கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் ஆள் மூழ்கும் இடமும் உண்டு, நடுக்குட்டையில் முழங்கால் அளவு மணல் திட்டும் உண்டு. முழுகிய மரக்கட்டை தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நிற்கும், மேலே இருந்து தெரியாது. நீங்கள் 35 கிலோமீட்டரில் போகப் போகிறீர்கள்.

தம்பி, முதலில் துடுப்புப் படகில் போய், கயிற்றில் இரும்புத் துண்டு கட்டி, பத்து மீட்டருக்கு ஒரு முறை ஆழம் பாருங்கள். 400 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை கிடைத்தால் இரண்டு பக்கமும் போத்தல் மிதவை கட்டுங்கள். அதற்கு வெளியே யாரும் போகக்கூடாது. பெரிய மழை பெய்த மறுநாள் இறங்காதீர்கள், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் விளையாட்டல்ல. காலில் புண் இருந்தால் அன்று லீவு.

நிலம் யாருடையது என்று மாவட்ட நில அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சிலாங்கூரில் நீர்நிலை விஷயம் லுவாஸ் என்ற மாநில நீர் நிர்வாக வாரியத்தின் கையில், அங்கேயும் ஒரு கடிதம் போடுங்கள். எங்கள் லயத்துப் பையன்கள் இரண்டு பேரை இந்தத் தண்ணீர் கொண்டு போயிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டறைக்காரன் | புதன், இரவு 9:00

ஐயா, நீங்கள் எந்தக் குட்டையைச் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. நாங்கள் எடுப்பது அதுவல்ல, பல்கலைக்கழகம் போகிற பக்கம் இருப்பது. இருந்தாலும் ஆழம் பார்க்காமல் மோட்டாரை மாட்ட மாட்டேன். கடிதம் இரண்டும் போடுகிறேன்.

பட்டறைக்காரன் | இரண்டு மாதம் கழித்து, ஞாயிறு, இரவு 8:25

இழையை மேலே இழுக்கிறேன், மன்னிக்கவும்.

முதலில் என் முட்டாள்தனம். படகு முழுகாமல் இருக்க உட்காரும் பெட்டிக்குள் வெள்ளை நுரைப் பலகையை அடைத்தேன், டிவி பெட்டியில் வருமே அது. எப்பாக்சி தீர்ந்துவிட்டது. ஒரு கடையில் கேட்டதற்கு எல்லாம் ஒன்றுதான் என்று பாலியஸ்டர் ரெசினைக் கொடுத்துவிட்டார்கள். ஊற்றிவிட்டு மூடியைத் தேடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நுரை இல்லை! அடியில் ஒரு கரண்டி வெள்ளைப் பிசின்தான் கிடந்தது. கொட்டகை முழுக்க நெடி.

கோந்துக்கை | ஞாயிறு, இரவு 8:33

ஹா ஹா. பாலியஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன் அந்த நுரையைக் கரைத்துக் குடித்துவிடும். எப்பாக்சி ஒன்றும் செய்யாது. பாலியஸ்டர் பலகையையும் அவ்வளவாகப் பிடிக்காது, நாலைந்து வருடத்தில் தோல் உரிகிற மாதிரி கிளம்பும். அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

எப்பாக்சி காய்ந்த பிறகு மேலே மெழுகு மாதிரி வழவழப்பு வந்ததா? நம் ஊர் ஈரக் காற்றில் வரும். தண்ணீரில் கழுவித் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த பூச்சுப் போட வேண்டும்.

பட்டறைக்காரன் | ஞாயிறு, இரவு 9:10

வந்தது, கழுவினேன். பாத்திரம் தேய்க்கும் நாரை வைத்து.

போன வாரம் இறக்கினோம். வெற்றுப் படகு 318 கிலோ. குலைத் தராசு கூரையில் தொங்க, முன்பக்கம் தனியாகப் பின்பக்கம் தனியாகத் தூக்கிக் கூட்டினேன். முதல் ஓட்டத்தில் 30ஐத் தாண்டியதும் மூக்கு குதிரை மாதிரி மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது. பயந்துவிட்டேன். பின்பக்கம் கனம் அதிகம் என்று தோன்றியது. பெட்ரோல் டாங்கியையும் பாட்டரியையும் முன் பெட்டிக்கு மாற்றினேன், மோட்டாரின் சாய்வை ஒரு துளை உள்ளே தள்ளினேன். ஆட்டம் நின்றுவிட்டது.

அப்புறம் புரொப்பெல்லர். 13 அங்குலப் பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னே போகும் தூரம்) இருந்தது, கனமான பையன் எழத் திணறினான். வாத்தியார் போனில் சொன்ன கணக்குப்படி 11க்கு மாற்றினேன். 5,000 சுற்று, கியர் இரண்டுக்கு ஒன்று, வழுக்கல் 15 சதவீதம் போனால் 35 கிலோமீட்டர் வரும் என்றார். போன் ஜிபிஎஸ்ஸில் 34 காட்டியது. ஐயா, நீங்கள் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டியவர்.

பக்கத்தில் பாய்ந்து இழுத்தால் படகு கொஞ்சம் சாய்கிறது, ஆனால் நேராகவே போகிறது. ஸ்டியரிங்கை இரண்டு விரலில் பிடித்திருந்தேன். ஒருமுறை ஆகாயத்தாமரை வேர் தண்ணீர் இழுக்கும் துளையை அடைத்துவிட்டது. மோட்டாரின் பின்னால் ஒழுகும் தண்ணீர் நின்றதைப் பார்வையாளர் பெண்தான் கவனித்துக் கத்தினாள், உடனே நிறுத்திவிட்டேன். நிறுத்து கயிறு (ஓட்டுபவன் விழுந்தால் மோட்டாரை நிறுத்துவது) எப்போதும் என் மணிக்கட்டில்தான்.

58 எல்லாம் வராது. வேண்டவும் வேண்டாம். சறுக்குப் பலகையில் இரண்டு பேர் எழுந்தார்கள், வேக்போர்டில் ஆறு பேர். தோங் ஆறு வைத்தால் அலை முழங்கால் உயரம் வருகிறது, பெட்ரோலும் அதற்கேற்ப போகிறது. முழு வேகத்தில் மணிக்கு 15 லிட்டருக்கு மேல். அதனால் ஆளுக்குப் பத்து நிமிடம் என்று கணக்கு வைத்து வசூலிக்கிறோம்.

வின்ச்சுப்பிரியன் | ஞாயிறு, இரவு 9:22

15 லிட்டரா! என் வின்ச்சுக்கு ஒரு லிட்டரில் பாதி நாள் ஓடும். சும்மா சொன்னேன் அண்ணே, வாழ்த்துகள். நான் வந்தால் ஒரு ரவுண்டு உண்டா?

செம்பனைக்குலை | ஞாயிறு, இரவு 9:25

வீடியோ?

பட்டறைக்காரன் | ஞாயிறு, இரவு 9:40

வீடியோ நாளை ஏற்றுகிறேன், அதில் நான் விழுவதை அக்கா மகன் வெட்டிவிட ஒத்துக்கொண்டால். மாமாவும் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்று விடவில்லை. எழுந்தேன். நாலு நொடி.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு, மழை இல்லாவிட்டால். லைஃப் ஜாக்கெட் எங்களிடம் மூன்றுதான் இருக்கிறது, வருகிறவர்கள் சொந்தமாகக் கொண்டு வாருங்கள். தராசை நாளைக்கே கிராணியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், இரண்டு மாதமாக என்னிடம்தான் இருக்கிறது.